பாலாமணியும் அக்கரை மருந்தும்

பாலாமணிக்குச் சிங்களம் எழுதப் படிக்கத் தெரியும் என்பது இருபத்தாறு வருஷமாக எனக்குத் தெரியாது. அவளுடைய இரண்டு பிரசவத்தையும் பார்த்தவள் நான். அவளுக்கு எந்தக் காலில் அட்டைக் கடி புண்ணாகி மூன்று மாதம் ஆறாமல் கிடந்தது என்பதுகூட என் டிஸ்பென்சரி நோட்டில் இருந்தது. படிப்பு என்ற இடத்தில் "இல்லை" என்று அவள் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன்.

மலையில் அரவேணுவுக்குக் கீழே ஒரு தனியார் தேயிலை எஸ்டேட். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகள் ஐந்து, ஒரு ஃபேக்டரி, ஒரு டிஸ்பென்சரி. நான் அங்கே நர்ஸ். பாலாமணி கொழுந்து எடுப்பவள். இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுபத்தைந்தில் அப்பாவோடு கப்பலில் வந்தவள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது, தம்பி சுரேந்திரனுக்கு எட்டு. அங்கே தோட்டத்துக்கென்று பள்ளிக்கூடம் கிடையாது. கீழே கிராமத்தில் இருந்த சிங்களப் பள்ளிக்கூடத்துக்குத்தான் அவள் போயிருக்கிறாள். இங்கே வந்த அன்றைக்கே அவள் அப்பா சொன்னாராம், அந்தப் பாஷையை வாயில் எடுக்காதே என்று. தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு போலீஸ் ஒவ்வொரு லயமாக வந்து, இலங்கையிலிருந்து வந்தவர்கள் யார் யார், அங்கே யாருக்குக் கடிதம் போடுகிறார்கள் என்று பட்டியல் எடுத்தார்கள். அப்பா சொன்னது சரி என்று அவள் முடிவு செய்துகொண்டாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

தேயிலை விலை விழுந்து மூன்றாவது வருஷம் எங்கள் ஃபேக்டரியைப் பூட்டினார்கள். அடுத்து டிஸ்பென்சரி. நான் மருந்து அலமாரிச் சாவியை ஒப்படைக்காமல் குவார்ட்டர்ஸிலேயே இருந்தேன், வருகிறவர்களைப் பார்த்தேன். கொழுந்து முற்றித் தொங்கியது, எடுக்க ஆளுக்குக் கூலி இல்லை. ஆண்கள் திருப்பூர் போனார்கள், கேரளா போனார்கள். மருந்தடிக்கும் ஆட்களுக்கு மட்டும் ஒரு நாள் வீடு தேடி வேலை வந்தது.

நமக்கும் இலங்கைக்கும் நடுவில் கடலில் ஒரு கப்பல் பாறையில் ஏறி எண்ணெய் கொட்டியிருந்தது. எண்ணெய் நம்முடைய கரைக்கும், கரைக்கு எதிரே இருக்கிற சின்னத் தீவுகளுக்கும் வந்துவிட்டது. பாறையில் ஒட்டியதைக் கரைக்க ஒரு மருந்து தெளிக்க வேண்டும். வழுக்குப் பாறையில் முதுகில் ஸ்ப்ரேயரைக் கட்டிக்கொண்டு நிற்கக் கடற்கரை ஆட்களுக்குப் பழக்கம் இல்லை. சரிவில் நின்று களைக்கொல்லி அடிக்கும் எஸ்டேட் ஆட்கள்தான் வேண்டும் என்று ஒரு கான்ட்ராக்டர் மலை ஏறி வந்தார். எங்கள் லயத்திலிருந்து எட்டுப் பேர் போனார்கள். பாலாமணியின் புருஷன் அய்யாவு, தம்பி சுரேந்திரன் இருவரும் அதில் உண்டு.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் அய்யாவு மட்டும் திரும்பி வந்தான். ஒரு கையில் இருமும்போது வாயைப் பொத்திக்கொள்ளும் துண்டு, மறு கையில் இரண்டு காலி நீல டப்பா. மருந்து டப்பாவைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவருவது எஸ்டேட்டில் எல்லாரும் செய்வது. எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டார்கள். வயிற்றைப் புரட்டுகிறது என்றான். மருந்தடிக்கிறவன் வயிற்றைப் புரட்டுகிறது என்றால் களைக்கொல்லி உள்ளே போயிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தேன். அதற்குப் பிறகு மூச்சு மோசமானது. காலையில் முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ஆக்ஸிஜன் வைத்துவிட்டு டாக்டர் கேட்டார், "என்ன அடிச்சீங்க?"

"ஆயில் மருந்துங்க."

"பேரு?"

அய்யாவுக்குத் தெரியவில்லை. விட்டு விட்டுச் சொன்னான். "வாஷர் உப்பிப்போகுதுங்க. ரப்பர் கரைஞ்சு நாசில்ல அடைக்குது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா கழட்டி ஊதணும்."

"வாயில வச்சா ஊதினீங்க?"

"வேற எதுலங்க ஊதறது?"

எஸ்டேட்டில் ஸ்ப்ரேயர் குழாய் நுனியில் இருக்கும் நாசில் அடைத்தால் வாயில் வைத்து ஊதுவார்கள். மழைக்காலத்தில் நாளைக்கு ஒன்றிரண்டு தடவை. இங்கே அதை நாள் முழுக்கச் செய்திருக்கிறார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். மருந்தின் பெயர் வேண்டும், டப்பா இருந்தால் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். மகள் கீர்த்தனாவை அய்யாவு பக்கத்தில் விட்டுவிட்டு நானும் பாலாமணியும் பஸ் ஏறினோம். அவள் வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"சுரேந்திரன் இன்னிக்கு மூணு மணிக்குத் தீவுக்குப் போறான் நர்ஸம்மா. போனா மூணு நாள் அங்கதான். இவரு சொன்னாரு."

வீட்டில் ஒரு டப்பாவில் குளிக்கத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். முதலில் அதைக் கொட்டச் சொன்னேன். குடிக்கவில்லையே என்று கேட்டுக்கொண்டேன். டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டை அய்யாவு ஊறவைத்து, மண்போட்டுத் தேய்த்துச் சுத்தமாக எடுத்திருந்தான். அந்தச் சீட்டுக்கு அடியில், பிளாஸ்டிக்கின் மேலேயே இன்னொரு எழுத்து அச்சடித்திருந்தது. வட்ட வட்டமாக இருந்தது. மலையாளம் என்று நினைத்தேன்.

பாலாமணி டப்பாவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

"ஏன் திருப்பறே?"

"ஒண்ணுமில்ல."

"டீக்கடை மலையாளத்தான்கிட்டக் காட்டலாம்."

"அது மலையாளம் இல்ல நர்ஸம்மா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

 நான் அவளைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. "அங்கே ஆக்ஸிஜன் ஓடிக்கிட்டிருக்கு" என்று மட்டும் சொன்னேன். அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். டப்பாவை மடியில் சாய்த்துக்கொண்டு, எழுத்தின்மேல் விரலை வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி வாசித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

"கப்பல் டாங்கி உள்ளுக்குக் கழுவுறதுக்கு. தெளிக்கப்படாது. ஆவியப் புடிக்கப்படாது. வாயில போனா…"

நிறுத்தினாள்.

"வாயில போனா?"

"வாந்தி எடுக்க வைக்கப்படாது."

 முந்தின நாள் சாயங்காலம் நான் செய்தது அதைத்தான். வாந்தியோடு மேலே வந்தது நுரையீரலுக்குள் இறங்கியிருக்கிறது. செய்தது செய்ததுதான். டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பு என்றேன்.

அரவேணுக் கடைத்தெருவில் லோயிஸின் டெலிபோன் பூத். ஒரு பக்கம் தையல் மிஷின், ஒரு பக்கம் கண்ணாடிக் கூண்டு. முதலில் ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். டப்பாவில் இருப்பதைச் சொன்னேன், உப்புத் தண்ணீர் கொடுத்ததையும் சொன்னேன். டாக்டர் இரண்டையும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "இப்பவாவது தெரிஞ்சுதே. பார்த்துக்கறேன்" என்றார்.

அடுத்து கான்ட்ராக்டர். அவர் சிரித்தார். "மலையில இருந்து வந்தவனுக்குக் கடல் காத்து ஒத்துக்கலைம்மா. அவ்வளவுதான்." வைத்துவிட்டார்.

கடற்கரையில் எண்ணெய் வேலைக்கென்று ஒரு கட்டுப்பாட்டு அறை போட்டிருந்தார்கள். அந்த நம்பர் அய்யாவு கொண்டுவந்த அடையாள அட்டையின் பின்னால் இருந்தது. எடுத்தவர் அருண்பிரசாத் என்று ஒரு அதிகாரி. நான் எதிர்பார்த்ததைவிட மரியாதையாகப் பேசினார்.

"நம்ம கிட்ட இருந்த மருந்து தீர்ந்துபோச்சுங்கம்மா. ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு, ஒருத்தர்கிட்ட இல்லாததை இன்னொருத்தர் கொடுக்கணும்னு. அங்க இருந்து அனுப்பினாங்க. டப்பா மேல சரியான பேர் இருக்கு. பேப்பரும் சரியா இருக்கு."

"மேல ஒட்டின சீட்டுக்கு அடியில வேற எழுதியிருக்கு சார்."

"பழைய டப்பாவைக் கழுவி நல்ல மருந்தை ஊத்தியிருக்கலாம் இல்லீங்களா? டப்பான்னா அப்படித்தானே."

அது நியாயமான கேள்வி. குளிக்கத் தண்ணீர் பிடித்து வைத்த டப்பாவைத்தான் நாங்கள் கையில் வைத்திருந்தோம்.

"ரப்பர் கரையுது சார். ஒரு ஆள் ஆக்ஸிஜன்ல கிடக்கறான். ரெண்டு நாள் நிறுத்தி வைங்க."

"நிறுத்தலாம். ஆனா தீவைச் சுத்தி எண்ணெய் ஏறிக்கிட்டிருக்கு. இந்தப் பௌர்ணமி அலையில உள்ள போயிடுச்சுன்னா அப்புறம் எடுக்க முடியாது. டெஸ்டுக்கு அனுப்பினா நாலு நாள். கொடுத்தவங்க தப்புன்னு ஒரு வரி எழுதட்டும், அடுத்த நிமிஷம் படகை நிறுத்தறேன். அது இல்லாம எனக்கு அதிகாரம் இல்லை. டெல்லி வழியாக் கேட்டா மூணு நாளாவது ஆகும்."

மணி பதினொன்றே முக்கால். படகு மூன்று மணிக்கு.

டப்பாவில், அந்த எழுத்துக்குக் கீழே மருந்து ஸ்டோரின் டெலிபோன் நம்பரும் இருந்தது. பாலாமணி அதைக் காட்டினாள். நான் லோயிஸிடம் ஐ.எஸ்.டி. போடச் சொன்னேன்.

"எந்த ஊருக்குங்க?"

"இலங்கைக்கு."

லோயிஸ் மிஷினை நிறுத்தினாள். "ஏனுங்க நர்ஸம்மா, விளையாடறீங்களா? ரிஜிஸ்டர்ல பேரு, வீடு, எந்த நாடுன்னு எழுதோணுங்க. மாசக் கடைசியில ஸ்டேஷன்ல இருந்து வந்து ஒவ்வொரு வரியாப் பாக்கறாங்க. போன வருஷம் ஒருத்தன் சவுதிக்குப் பேசினதுக்கே என்னை ரெண்டு நாள் வரச் சொன்னாங்க."

"என் பேரைப் போடு."

"பேசப்போறது நீங்க இல்லியே. அவங்க கேட்டா நான் என்னத்தச் சொல்லட்டும்?"

பாலாமணி பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடுகிற ரிஜிஸ்டர்களில் எல்லாம் கட்டைவிரலை நீட்டியவள், அன்றைக்கு முழுப் பெயரையும் தமிழில் எழுதினாள், மகளின் பாடப் புத்தகத்தைப் பார்த்துப் பழகியதாம். பாலாமணி, க/பெ அய்யாவு, மூன்றாம் லயம். நாடு என்ற இடத்தில் இலங்கை.

"அம்மிணி, புள்ளை இருக்குது உனக்கு" என்றாள் லோயிஸ்.

"தம்பியும் இருக்கான்" என்றாள் பாலாமணி.

மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கட்டாகிவிட்டது. மறுபடி போட்டோம். பாலாமணி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எடுத்தார்கள். அவள் பேசத் தொடங்கினாள். எனக்கு ஒரு சொல் புரியவில்லை. "மஹத்தயா" என்பது மட்டும் ஐயா என்று அர்த்தம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவள் குரல் மாறியிருந்தது. சின்னக் குரல். பாதியில் சொல் கிடைக்காமல் நெற்றியைத் தட்டிக்கொண்டாள்.

வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னாள். "வாட்ச்மேன். இன்னிக்கு போயா. பௌர்ணமி. அங்க எல்லாம் லீவு. ஸ்டோர்காரர் வீட்டுல இருக்காராம்."

"வீடு எங்கே?"

அவள் கேட்டாள். பக்கத்துத் தெரு. போக மாட்டேன் என்கிறானாம், போயா அன்றைக்குத் தொந்தரவு செய்தால் திட்டுவாராம். பாலாமணி ஏதோ சொன்னாள், மெதுவாக, நாலைந்து வாக்கியம். ரிசீவரை வைத்தாள்.

"என்ன சொன்னே?"

"எங்கூட்டுக்காரரு அந்த மருந்தக் குடிச்சிட்டாருன்னேன். முக்கால் மணி நேரங் கழிச்சு எடுக்கச் சொன்னான்."

"அவர் குடிக்கலையே."

"குடிச்சாருன்னாத்தான் ஓடுவான் நர்ஸம்மா."

முக்கால் மணி நேரம் பூத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை பேசினேன், மாற்றம் இல்லை. லோயிஸ் டீ வாங்கி வந்தாள். பாலாமணி குடிக்கவில்லை. நான் குடித்தேன். வெறும் வயிற்றோடு யாரையும் பார்த்துக்கொள்ள முடியாது.

ஒரு மணிக்கு ஸ்டோர்காரர் எடுத்தார். அவர் சத்தம் கூண்டுக்கு வெளியே எனக்கே கேட்டது. கோபம். பாலாமணி டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அழுந்தியிருந்த எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தாள். இரண்டு தடவை திருப்பி வாசிக்க வைத்தார். பிறகு சத்தமே இல்லை. நான் லைன் போய்விட்டதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். "புத்தகம் பொரட்டுறாரு."

அவர் சொன்னதை அவள் வரி வரியாக எனக்குச் சொன்னாள். ஸ்டோரில் நீல டப்பா இரண்டு அடுக்கு இருந்தது. எண்ணெய் கரைக்கும் மருந்து பெரிய பீப்பாயில் இருந்தது, அதைப் பிரித்து ஊற்ற டப்பா வேண்டியிருந்தது. ஒரு அடுக்கை முழுக்கக் காலி செய்து, கழுவி, புது மருந்தை ஊற்றினார்கள். மற்ற அடுக்கைக் காலி செய்யும் முன்னால் லாரி வந்துவிட்டது. சீட்டு இரண்டு அடுக்கிலும் ஒட்டியிருந்தது, இரண்டும் ஏறிவிட்டது. எங்கள் கையிலிருந்த எண் இரண்டாவது அடுக்கு.

"எழுதித் தரச் சொல்லு" என்றேன்.

அவள் கேட்டாள். நீண்ட நேரம் அவர் பேசினார். அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

"ஏத்தினதுக்கு அவருதான் கையெழுத்துப் போட்டிருக்காராம். எழுதிக் குடுத்தா வேல போயிருமாம். பெரிய ஆபீசர் நாளைக்குத்தான் வருவாராம், அவர்கிட்டச் சொல்றாராம்."

"நாளைக்கு வேண்டாம்."

பாலாமணி ரிசீவரில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அவர் வைத்துவிட்டார்.

"என்ன சொன்னே?"

"நீங்க எழுதினா வேல போகும், எழுதாட்டி எந் தம்பி போவான்னேன்."

ஒன்றரை மணி. நாங்கள் மறுபடி போட்டோம். அவர் எடுக்கவில்லை. வாட்ச்மேனும் எடுக்கவில்லை. இரண்டு மணிக்கு அருண்பிரசாத்தைக் கூப்பிட்டேன். எந்தத் தகவலும் வரவில்லை என்றார். இரண்டு அடுக்கு விஷயத்தைச் சொன்னேன், பூத் நம்பரையும் கொடுத்தேன். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "நீங்க சொல்றது சரியா இருக்கலாம்மா. ஆனா போன்ல கேட்டதை வச்சு என்னால…" என்றார்.  ஆட்கள் படகில் சாமான் ஏற்றுகிறார்கள் என்றார்.

"என் தம்பிகிட்டப் போனைக் குடுக்கச் சொல்லுங்க" என்றாள் பாலாமணி. கட்டுப்பாட்டு அறையிலிருந்து படகுத்துறை இரண்டு கிலோமீட்டராம். அங்கே போன் கிடையாது.

இரண்டரை. லோயிஸ் பூத்தின் பலகையைப் பாதி இழுத்து மூடினாள். வேறு யாரும் பேச வந்து லைனைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று.  பாலாமணி எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள். கொழுந்து எடுக்கிற விரல்கள் சும்மா இருக்கத் தெரியாமல் டப்பாவின் விளிம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தன. இரண்டே முக்காலுக்குக் கட்டுப்பாட்டு அறை லைன் பிஸி. ஐந்து நிமிஷம் கழித்தும் பிஸி. மூன்றுக்கும் பிஸி, மூன்றரைக்கும் பிஸி.

மூன்றே முக்காலுக்கு பூத் மணி அடித்தது. லோயிஸ் எடுத்து, என்னிடம் நீட்டினாள்.

அருண்பிரசாத்துக்கு மூச்சு வாங்கியது. ஒப்பந்தப்படி இரண்டு பக்கமும் இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருக்கிற ஒரு மேசை உண்டாம். கப்பல் விபத்தென்றால் மட்டும் அதில் பேசுவார்கள். அந்த ஸ்டோர்காரர் தன் பெரிய அதிகாரியைக் கேட்காமல், போயா அன்றைக்கு வீட்டு வேட்டியோடு அந்த மேசைக்குப் போய் உட்கார்ந்து, எந்த எந்த எண் டப்பா தவறு என்று தன் பெயரில் எழுதி, இந்தப் பக்கத்து மேசைக்கு ஃபேக்ஸ் போட்டிருக்கிறார். அங்கேயிருந்து இவருக்கு வந்தபோது மணி இரண்டு ஐம்பத்தெட்டு. ஆள் துறைக்கு ஓடுவதற்குள் படகு கிளம்பிவிட்டது. இன்னொரு படகை விட்டுத் திருப்பியிருக்கிறார்கள்.

"நல்ல டப்பா இருபத்திரண்டு இருக்கு. அதைப் பிரிச்சுட்டோம். வேலை நிக்காது, வேற ஆள் வச்சு, வேற நாசில் வச்சு நடக்கும். உங்க ஆளுங்க இங்க இருக்காங்க. ஒருத்தர் பேசணுங்கறார்."

பாலாமணி ரிசீவரைப் பிடுங்கினாள்.

"அக்கா, நீ என்ன பண்ணித் தொலைச்ச? நடுக்கடல்ல திருப்பிட்டானுங்க. சோறெல்லாம் படகுலயே கெடக்கு" என்று சுரேந்திரன் கத்தியது எனக்குக் கேட்டது.

"ஊதினியா?"

"என்னாது?"

"இன்னிக்கு நாசில் ஊதினியான்னு கேக்குறேன்டா."

"காலையில நாலஞ்சு தடவ. எல்லாருந்தான் ஊதினோம்."

நான் ரிசீவரை வாங்கினேன். "நான் நர்ஸம்மா பேசறேன். மூச்சை நல்லா இழுத்துக்கோ. ஒரே மூச்சுல ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணு. எதுல நிக்கிறேன்னு பார்க்கணும்."

"நர்ஸம்மா, இங்க ஆபீசர் எல்லாம் பாக்குறாங்க."

"பார்க்கட்டும். எண்ணு."

எண்ணினான். இருபத்தாறு வரை போனான். பரவாயில்லை. அடுத்த ஆள் யார், அவனைக் கொடு என்றேன். ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். அவனோடு ஏழு பேர். இருபத்திரண்டு, இருபத்தைந்து. ஒருவன் வெட்கப்பட்டுச் சிரித்துப் பதினைந்தில் விட்டான், மறுபடி எண்ணவைத்தேன், இருபது வந்தது. பாலாமணி என் பக்கத்தில் நின்று ரிஜிஸ்டரின் பின்பக்கத்தில் ஒவ்வொருவர் பேருக்கு எதிரேயும் எண்ணை எழுதிக்கொண்டே வந்தாள். 

ஐந்தாவதாக வந்தவன் சுடலை. நாலாம் லயம். எட்டு வந்தான், ஒன்பது வந்தான், நின்றான். "இருங்க நர்ஸம்மா, தண்ணி குடிச்சுட்டு எண்றேன்" என்றான். வேண்டாம், ஆபீசரிடம் கொடு என்றேன்.

"சார், இவனை இப்பவே ஆஸ்பத்திரியில சேருங்க. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. யார் சொன்னாலும் வைக்கக் கூடாது. நடக்க விடாதீங்க, தூக்கி ஏத்துங்க."

"வண்டி வெளியிலயே நிக்குதும்மா."

"சரி. அடுத்த ஆளைக் கொடுங்க."

மிச்சம் இருவரும் எண்ணி முடித்தார்கள். நான் ரிசீவரை வைத்தபோது பாலாமணி ரிஜிஸ்டரை மூடிக் கொடுத்துவிட்டு, காலி டப்பாவை எடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றாள். நாலரை மணி பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அய்யாவுக்கு இன்னும் ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அவள் டப்பாவைக் கட்டிலுக்கு அருகே வைத்து, டாக்டர் வந்ததும், எழுத்தின்மேல் விரலை வைத்து, அய்யாவுக்கும் கேட்கும்படி, முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.